வேலூருக்குப் படிக்க வருகிறவர்களுக்கு: இ-சேவை வரிசையிலிருந்து தனி அறை வரை

நான் குடியாத்தம் பக்கத்துக் கிராமம். 2022-இல் வேலூருக்குப் படிக்க வந்தேன். அப்பா லுங்கி நெசவு, அம்மா பீடி சுற்றுகிறார், எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சேர்க்கை நாளன்று ஃபைல் அப்பா கையில் இருந்தது, பணம் அப்பா சட்டைப் பையில் இருந்தது, அலுவலகத்தில் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அப்பாவே பதில் சொன்னார். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் நேராகக் கேட்டது பெயர் மட்டும்தான், அதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது, முதல் முறை குரலே வரவில்லை.

அடுத்த ஆறு மாதமும் இப்படியே ஓடியது. உதவித்தொகை வரவில்லை என்றால் அப்பாவுக்குப் போன், ஐ.டி. கார்டில் பெயர் தப்பு என்றால் அப்பாவுக்குப் போன். அவர் ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் ஒரு நாள் தறி நிற்கும், ஒரு நாள் கூலி போகும். அது எனக்கு உறைத்த பிறகுதான் தனியாகப் போய் நிற்கப் பழகினேன். கல்லூரிக்குப் போனால் தைரியம் தானாக வந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு வகுப்பறையில் வந்ததைவிட கவுன்டர் முன்னால் நின்று வந்ததுதான் அதிகம். அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் காகிதம், பணம், தேதி பற்றித்தான் இருக்கும். நான் தடுமாறிய இடங்களில் நீங்கள் தடுமாற வேண்டாம்.

1. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் சான்றிதழ்களை வாங்குங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் ஏப்ரலிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள். மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாள் இ-சேவை மையத்தில் நிற்கவே இடம் இருக்காது, வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் அதே கதைதான்.

வேண்டியவை: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ். இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று மேலே போய் தாலுகா அலுவலகத்தில் ஒப்புதல் ஆகி, போனுக்கு மெசேஜ் வரும். மெசேஜ் வரும் என்று சும்மா இருக்காதீர்கள். நாலைந்து நாளில் வி.ஏ.ஓ.வை ஒரு முறை நேரில் பார்த்து, ரேஷன் கார்டு, ஆதார், பள்ளியின் டி.சி. நகல் எல்லாம் காட்டிவிட்டு வாருங்கள். இங்கேயே முதல் பழக்கத்தைத் தொடங்குங்கள்: அப்பாவையோ அண்ணனையோ அனுப்பாமல் நீங்களே போங்கள். வணக்கம் சொல்லி, மனு எண்ணைச் சொல்லி, எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் போதும். முதல் தடவை நெஞ்சு படபடக்கும், இரண்டாவது தடவை அவ்வளவு இருக்காது.

இ-சேவையில் உங்களுக்கு ஒரு கேன் எண் உருவாக்குவார்கள். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை விவரமெல்லாம் மறுபடி சொல்ல வேண்டியிருக்காது. அந்த எண் இருந்தால் வீட்டிலிருந்தே ஆன்லைனிலும் மனு போடலாம்.

பலரும் விழும் பள்ளங்கள் இவை:

பெயரும் இனிஷியலும். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் பின்னால் உதவித்தொகை நிற்கும். மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றிக்கொள்ளுங்கள். அதைச் செய்யச் சரியான நேரம் ஏப்ரல்தான்.

போன் நம்பர். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது அவசரத்தில் அவர்கள் தங்கள் நம்பரையோ மெயிலையோ போட்டுவிடுவது உண்டு. ஓ.டி.பி.யும் கலந்தாய்வு மெசேஜும் அங்கே போய்விடும். என் தோழிக்கு முதல் கலந்தாய்வு தவறியது இதனால்தான். உங்கள் நம்பரைக் கொடுங்கள், அந்த நம்பரை மூன்று வருஷம் மாற்றாதீர்கள்.

லேமினேஷன். ஒரிஜினல் எதையும் லேமினேட் செய்ய வேண்டாம், பிளாஸ்டிக் ஃபோல்டரில் வைத்தாலே போதும்.

வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். போனில் ரிமைண்டர் வையுங்கள்.

எல்லாவற்றிலும் பத்து செட் ஜெராக்ஸ் எடுங்கள், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருபது எடுங்கள். டி.சி.யைக் கல்லூரியில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது படிப்பு முடிந்த பிறகுதான், அதனால் கொடுக்கும் முன் நாலு நகல் கண்டிப்பாக. பள்ளியில் உங்கள் இ.எம்.ஐ.எஸ். எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) கேட்டு வாங்கி அதே ஃபைலில் எழுதி வையுங்கள், பின்னால் கேட்பார்கள்.

2. எங்கே விண்ணப்பிப்பது, எவ்வளவு ஆகும்

அரசு கலைக் கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே இணையதளத்தில்தான் விண்ணப்பம். வேலூர் ஓட்டேரியில் இருக்கும் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, குடியாத்தம் அரசு திருமகள் ஆலைக் கல்லூரி எல்லாம் இதில் வரும். கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், மொத்தம் 50. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். நான் போட்டபோது இப்படி இருந்தது, பின்னால் என் தங்கை போட்டபோதும் இதுவேதான். ஆனாலும் கட்டும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணையும் ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் வைத்து ரேங்க் போடுவார்கள். மற்ற பாடங்களுக்கு மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு மீதி நான்கு பாடத்தின் 400 மதிப்பெண்தான் கணக்கு. மொத்தம் 600-க்கு எவ்வளவு என்று பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஊரிசு கல்லூரி, காந்தி நகர் ஆக்சிலியம், சாய்நாதபுரம் டி.கே.எம். போன்றவற்றுக்கு அந்தந்தக் கல்லூரியிலேயே தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. ஒன்றை மட்டும் நம்பி உட்காராதீர்கள், இரண்டு மூன்று இடத்தில் போடுங்கள். பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி மாதிரி பொறியியல் என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கலந்தாய்வு தனி.

முதல் பட்டதாரி சலுகை பற்றி ஒன்று. இது பொறியியல், மருத்துவம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்கிறவர்களுக்கான கட்டணச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. அதற்குத் தலைமை ஆசிரியரிடம் படித்ததற்கான சான்று வாங்க வேண்டும், இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். இதற்கே ஒரு வாரம் ஆகிவிடும்.

3. பணம் கட்டும் முன் நிதானம்

தனியார் கல்லூரியில் "இன்றைக்கே கட்டினால்தான் சீட்" என்று அவசரப்படுத்தினால் பதறாதீர்கள். கட்டிய பிறகு வேறு இடத்தில் சீட் கிடைத்தால் பணம் போயே போச்சு என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் போட்ட விதி இருக்கிறது: சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால் முழுப் பணம் (அதிலிருந்து கட்டணத்தில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய்வரைதான் பிடிக்கலாம்), அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி முடிந்து 15 நாள்வரை 80 சதவீதம், 30 நாள்வரை 50 சதவீதம், அதற்கு மேல் கிடையாது. விலகுவதாக இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி போட்டுக் கடிதம் எழுதி, அதன் நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள், இந்தக் கணக்கெல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. இது தெரிந்திருந்தால் கேட்கும்போது குரல் நடுங்காது. எனக்கு அன்று தெரியாது.

எந்தப் பணம் கட்டினாலும் ரசீது. "அப்புறம் தருகிறோம்" என்றால் காத்திருந்து வாங்கிக்கொண்டு போங்கள்.

4. எங்கே தங்குவது

முதலில் தினமும் போய்வர முடியுமா என்று பாருங்கள். பெண்கள் டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகலாம். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா பக்கத்திலிருந்து ரயிலில் காட்பாடிக்கு வருகிறவர்கள் மாணவர் சீசன் டிக்கெட் சலுகைப் படிவத்தைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். காட்பாடியில் இறங்கினால் பாகாயம்வரை டவுன் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், சித்தூர் பஸ் ஸ்டாண்ட், பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள் தாண்டி ஊருக்குள் போகும். காலை எட்டரையிலிருந்து ஒன்பதரைவரை கிரீன் சர்க்கிளில் நெரிசல் இருக்கும், அரை மணி முன்னாலேயே கிளம்புங்கள். நான் முதல் இரண்டு மாதம் ஊரிலிருந்தே போய்வந்தேன். பஸ்ஸிலேயே ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் போனது, படிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வந்தது.

விடுதி என்றால் முதலில் அரசு விடுதியைப் பாருங்கள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், ஆதிதிராவிடர் நல விடுதிகள் (2025-இல் இவற்றுக்கெல்லாம் சமூக நீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள்) வேலூரில் இருக்கின்றன. தங்குவதும் சாப்பாடும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்கு நான் விசாரித்தபோது பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீடு கல்லூரியிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும், மாணவியருக்கு அந்த 8 கிலோமீட்டர் கணக்கு கிடையாது என்றார்கள். விண்ணப்பம் ஜூன், ஜூலையில். சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலக வளாகத்தில் விசாரிக்கலாம், அல்லது நேராக விடுதிக் காப்பாளரிடமே போகலாம். இடம் குறைவு, சீக்கிரம் போங்கள்.

தனியார் மகளிர் விடுதி என்றால் பதிவு செய்த விடுதியா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளிர் விடுதிகள் பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும். கேட்டதற்கு முகம் சுளித்தால் அடுத்த விடுதியைப் பாருங்கள்.

நான் இரண்டாம் ஆண்டில் மூன்று தோழிகளோடு சேர்ந்து அறை எடுத்தேன். வேலூரில் அறை தேடும்போது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் தெருக்களில், தோட்டப்பாளையம், காந்தி ரோடு பக்கமெல்லாம், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்களுக்கு நாள் கணக்கில் அறை விடுகிறார்கள். அங்கே மாத வாடகைக்குக் கேட்டால் விலையும் கூடுதல், நிம்மதியாகவும் இருக்க முடியாது. சத்துவாச்சாரி, தொரப்பாடி, பாகாயம், காட்பாடி காந்தி நகர் உள்தெருக்கள் என்று தள்ளித் தேடுங்கள். எங்களுக்குச் சத்துவாச்சாரியில் மாடி வீடு கிடைத்தது, வாடகை 8,000, ஆளுக்கு 2,000.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்வி. ஒன்று, ஏப்ரல் மே மாதத்தில் தண்ணீர் எப்படி? வேலூர் வெயிலில் போர் வற்றினால் லாரித் தண்ணீர்தான், அந்தச் செலவு யாருடையது? இரண்டு, கரண்ட்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு? இதைக் கேட்காமல் போய் முதல் கோடையில் எங்களுக்கு வந்த பில்லில் ஒரு மாத மளிகைச் செலவு போனது. மூன்று, காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பீர்கள்? பதில்களை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதுதான் சட்டத்தில் இருக்கும் அளவு, பத்து மாதம் கேட்டால் பேசிக் குறைக்கப் பாருங்கள். உள்ளே போகும் நாளில் சுவர், குழாய், ஃபேன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

மாடி அறை என்றால் மேல் தளம் வேண்டாம். மே மாதம் ராத்திரி பதினொரு மணிக்கும் சுவர் கொதிக்கும்.

5. வங்கிக் கணக்கும் உதவித்தொகையும்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள், எனக்கு அதிகம் நஷ்டமானது இங்கேதான்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான், அதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். முதல் வாரத்திலேயே அவர் யார் என்று கேட்டு வையுங்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம்.

என் வகுப்பில் எல்லோருக்கும் பணம் வந்தது, எனக்கு வரவில்லை. ஆறு மாதம். பாஸ்புக்கில் ஆதார் இணைத்திருந்தது, அதனால் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பது வேறு, அரசுப் பணம் வர அந்தக் கணக்கை ஆதாருக்கு சீடிங் செய்வது வேறு. சீடிங் இல்லை என்றால் பணம் வராது. மை-ஆதார் இணையதளத்தில் வங்கி சீடிங் நிலை என்று இருக்கும், அதில் உங்கள் வங்கியின் பெயர் வருகிறதா, ஆக்டிவ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் வங்கிக்குப் போய் "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் செய்ய வேண்டும்" என்று இதே வார்த்தையில் கேளுங்கள் (டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வருவது). ஆதார் லிங்க் என்று கேட்டால் "ஏற்கெனவே லிங்க் ஆகித்தான் இருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள், என்னை இரண்டு முறை அப்படித்தான் அனுப்பினார்கள். மூன்றாவது முறை அப்பா இல்லாமல் நான் மட்டும் போனேன், படிவத்தைக் கேட்டு வாங்கி அங்கேயே நின்று நிரப்பிக் கொடுத்தேன், நகலில் சீல் வாங்கினேன். அன்று வங்கியை விட்டு வெளியே வந்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எந்தத் தேர்வு முடிவும் கொடுத்ததில்லை.

இன்னொன்று, இடையில் வேறு வங்கியில் புதுக் கணக்கு திறந்தால் சீடிங் அங்கே மாறிவிடலாம், பணமும் அந்தக் கணக்குக்குப் போகும். ஒரே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஜீரோ பேலன்ஸ் கணக்காக இருக்கட்டும், இல்லாவிட்டால் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று மாதாமாதம் பிடிப்பார்கள்.

குடியாத்தம், பேரணாம்பட்டு, மேல்பட்டி பக்கத்திலிருந்து வருகிறவர்களில் பலர் வீட்டில் பீடி சுற்றுவார்கள். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் மத்திய அரசின் உதவித்தொகை தனியாக உண்டு, நான் படித்தபோது பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 6,000. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதே இணையதளத்தில் இரண்டு திட்டத்துக்குப் போட்டால் ஒன்று தள்ளுபடி ஆகும். எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு இது தெரியவே தெரியாது, அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள்.

6. முதல் செமஸ்டர்: யாரிடம் எதைக் கேட்பது

பள்ளியில் ஒரு வேலை என்றால் வகுப்பு ஆசிரியரே பார்த்துக்கொள்வார். இங்கே அப்படி இல்லை. போனஃபைடு (இங்கே படிக்கிறேன் என்பதற்கான சான்று) வேண்டுமா, அலுவலகம். வருகைப் பதிவு, லீவு, இன்டர்னல் மார்க் என்றால் டியூட்டர் அல்லது ஹெச்.ஓ.டி. எக்ஸாம் ஃபீஸ், ஹால் டிக்கெட், அரியர் என்றால் தேர்வுப் பிரிவு. எதற்கும் கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பத்தாவதில் படித்த அதே கடிதம்தான். நானே எழுதிய முதல் கடிதம் மூன்று முறை திரும்பி வந்தது, நாலாவது முறை கையெழுத்து விழுந்தது. பின்னால் விடுதியில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக் கொடுப்பேன் என்று ஆனது.

வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம், ரொம்பக் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. ஊர்த் திருவிழா, உறவுக்காரர் கல்யாணம் என்று போகும்போதே எத்தனை நாள் மிச்சம் என்று கணக்கு வையுங்கள். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் தேர்வு 75, இன்டர்னல் 25. இந்த 25-ஐ விட்டுவிடாதீர்கள், அசைன்மென்ட்டும் டெஸ்ட்டும் நாளோடு கொடுத்தாலே பெரும்பாலும் வந்துவிடும்.

தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் வகுப்பு புரியாது. உண்மையாகவே புரியாது, அது உங்கள் அறிவின் குறை இல்லை. நான் செய்தது: ஒவ்வொரு நாளும் புரியாத பத்து ஆங்கிலச் சொல்லை நோட்டில் எழுதி, தமிழில் அர்த்தம் எழுதினேன், மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். தமிழிலேயே கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. டிசம்பரில் வகுப்பு நடக்கும்போதே எழுந்து கேட்க முடிந்தது.

7. மாதக் கணக்கு

ஒரு சின்ன நோட்டு வாங்கி, தினமும் தூங்கும் முன் செலவை எழுதுங்கள். நான் கடைசி வருஷத்தில் ஒரு மாதத்துக்குச் செலவழித்தது: வாடகை 2,000, சமையல் 2,000 முதல் 2,300, கரண்ட்டும் தண்ணீரும் 250 (கோடையில் 500), ரீசார்ஜ், ஜெராக்ஸ், சோப்பு, மருந்து எல்லாம் சேர்ந்து 800. மொத்தத்தில் ஐந்தாயிரத்துச் சொச்சம். இதில் 1,000 புதுமைப் பெண் பணம், ஒரு 1,500 டியூஷன் சொல்லிக் கொடுத்து வந்தது, மீதிதான் வீட்டிலிருந்து.

சமையலுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் அடையாள அட்டை காட்டினால் வாங்கலாம், தனி கனெக்‌ஷன் வேண்டாம். காய்கறி நேதாஜி மார்க்கெட்டில் வாரம் ஒரு முறை வாங்கினோம், தெருக்கடையைவிடக் கணிசமாகக் குறைவு. முள்ளுக் கத்திரிக்காய் கிடைக்கும் நாளில் எங்கள் அறையில் சண்டையே இருக்காது. நாலு பேர் என்றால் வேலையைப் பிரித்து எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், யார் சமைப்பது, யார் பாத்திரம், யார் தண்ணீர் பிடிப்பது. எழுதாமல் "பார்த்துக்கலாம்" என்று விட்டதில் நாங்கள் இரண்டு வாரம் பேசாமல் இருந்தோம். வீட்டில் அம்மா எத்தனை வேலையைச் சொல்லாமலே செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு வாரத்தில்தான்.

8. கவனமாக இருக்க வேண்டியவை

உங்கள் வங்கிக் கணக்கை, ஏ.டி.எம். கார்டை, சிம்மை யாருக்கும் கொடுக்காதீர்கள். "உன் அக்கவுண்ட்டில் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் மாதம் இவ்வளவு" என்று சீனியர் பழக்கத்தில் கேட்பார்கள். அது மோசடிப் பணம், போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை, முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்றால் அதுவும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு (சைபர் குற்ற உதவி எண்) அழையுங்கள், நேரம் போகப் போகப் பணம் திரும்பி வருவது கடினம்.

ராகிங் இருந்தால் 1800-180-5522. தமிழ்நாட்டில் 1997-லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை.

தனிமை வரும். முதல் மாதம் சாயங்காலம் ஆறு மணி ஆனால் தொண்டை அடைக்கும், ஞாயிற்றுக்கிழமை அதிகம். பெரும்பாலும் தீபாவளி விடுமுறைக்குள் குறைந்துவிடும். குறையாமல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் 14416-க்கு (அரசின் மனநல உதவி எண்) அழைத்துப் பேசலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். என் அறைத்தோழி ஒருத்தி பேசினாள், நல்லதுதான் நடந்தது.

9. வீட்டோடு எப்படிப் பேசுவது

தனியாக இருப்பது என்றால் வீட்டுக்கு எதுவும் சொல்லாமல் இருப்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு முதல் செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தது, மூன்று வாரம் மறைத்தேன், அந்த மூன்று வாரமும் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் சொல்லும்போது ஒரு வேலை செய்தேன்: மறு தேர்வுத் தேதி, கட்டணம் எவ்வளவு, அதை நான் டியூஷன் பணத்தில் கட்டிவிடுவேன் என்பது, மூன்றையும் சேர்த்தே சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, கட்டிட்டியா?" என்று மட்டும் கேட்டார். பிரச்சினையை மட்டும் கொண்டு போகாமல், என்ன செய்யப் போகிறேன் என்பதையும் கொண்டு போனதால்தான் அடுத்த வருஷம் அறை எடுக்க அனுமதி கிடைத்தது என்று நினைக்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். நம்பிக்கை ஒரே நாளில் கிடைக்காது. எங்கே தங்கியிருக்கிறோம், வீட்டுக்காரர் நம்பர் என்ன, எந்த பஸ்ஸில் வருகிறோம் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அம்மாவை ஒரு முறை அழைத்து வந்து அறையில் இரண்டு நாள் தங்க வையுங்கள். என் அம்மா வந்து போன பிறகு ஊரில் யார் என்ன பேசினாலும் அவரே பதில் சொல்லிக்கொண்டார்.

10. படிப்பு முடிந்து கிளம்பும்போது

டி.சி., நன்னடத்தைச் சான்று, ஒட்டுமொத்த மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல் சான்றிதழ், இவை கைக்கு வந்ததும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கவுன்டரிலேயே நின்று பாருங்கள். வெளியே வந்த பிறகு திருத்த மாதக் கணக்கில் ஆகும், பணமும் ஆகும். பட்டச் சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அது தானாக வீட்டுக்கு வராது. நூலகம், ஆய்வகம், விடுதி எல்லாவற்றிலும் நிலுவை இல்லை என்று கையெழுத்து வாங்கினால்தான் டி.சி. தருவார்கள், அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை யாரும் இருக்க மாட்டார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னபடி ஒரு மாதம் முன்னால் சொல்லி, உள்ளே வந்த நாளில் எடுத்த படங்களைக் காட்டி அட்வான்ஸைக் கணக்குப் பாருங்கள். எங்களிடம் பெயின்ட்டுக்கு 6,000 கேட்டார். கையெழுத்துப் போட்ட தாளில் 3,000 என்று இருந்தது, எடுத்துக் காட்டினோம், 3,000 மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை அன்றே கொடுத்துவிட்டார். தாளை எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பேசியது நான்தான், தோழிகள் மூவரும் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள்.